குலுக்கலில் விழுந்த ஒற்றைச் சக்கரம்

மும்பை செம்பூரில் எங்கள் அடுக்குமாடி சொசைட்டி கணபதி பண்டிகையில் வருஷா வருஷம் குலுக்கல் உண்டு. அந்த வருஷம் முதல் பரிசு சைக்கிள் என்று லிஃப்ட் கதவில் ஒட்டியிருந்தார்கள். எனக்கு எந்தக் குலுக்கலிலும் எதுவும் விழுந்ததில்லை. ஆறுதல் பரிசாகக் கொடுக்கும் எவர்சில்வர் கிண்ணம்கூட என்னைத் தாண்டித்தான் போகும். அதனால் மைக்கில் எங்கள் ஃப்ளாட் நம்பரை வாசித்தபோது நான் நம்பவில்லை. இன்னொரு முறை வாசிக்கச் சொன்னேன். மேடைக்கு நடந்து போகும்போதே, இனி ஸ்டேஷனுக்கு ஷேர் ஆட்டோ கிடையாது, சைக்கிள்தான் என்று முடிவும் செய்துவிட்டேன்.

மினுமினுக்கும் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து பிரித்தால் ஒரு சக்கரம். அதன் மேல் ஒரு கம்பி. கம்பியின் உச்சியில் வாழைப்பழம்போல் வளைந்த சீட். இரண்டு பெடல். அவ்வளவுதான். ஹேண்டில் இல்லை, பிரேக் இல்லை, செயின்கூட இல்லை.

என் கணவர் அதைச் சுற்றி வந்து பார்த்தார்.

"ஏட்டி, மீதிய அடுத்த வருஷம் குடுப்பானுவளோ?"

பரிசை அன்பளிப்பாகக் கொடுத்த கடைக்காரரிடம் போய்க் கேட்டேன். வெகுநாளாக விற்காமல் கிடந்த சரக்கு என்று அவர் முகமே சொன்னது. ஆனாலும் அசையவில்லை. "சைக்கிள்னு சொன்னோம், சைக்கிள் குடுத்தோம். சக்கரம் எத்தனைன்னு பேசினோமா, மேடம்?" என்று ஹிந்தியில் கேட்டார். பேசவில்லைதான்.

அது பால்கனிக்குப் போனது. கணவரின் சட்டைகள் அதன்மேல் நன்றாகக் காய்ந்தன.

அதை மறுபடி சைக்கிளாக்கியவள் என் நாத்தனார். கணவரின் தங்கை, தாராவியில் தொண்ணூறு அடி ரோட்டுக்குப் பக்கத்தில் வீடு, ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலை. நான் மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் பிறந்து வளர்ந்தவள். இரண்டு பேரும் நாற்பதைத் தாண்டிவிட்டோம். அவள் வீட்டுக்கும் என் பிறந்த வீட்டுக்கும் நடுவே நடந்து போகிற தூரம்தான். ஆனால் கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் எங்கள் பேச்சு மட்டும் குழம்பைத் தாண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை வருவாள். உப்பு சரியாக இருக்கிறதா என்பேன். இருக்கிறது மைனி என்பாள். அண்ணனோடு உட்கார்ந்து டிவி பார்த்துவிட்டுப் போய்விடுவாள்.

அப்படியொரு ஞாயிற்றுக்கிழமை, துணி எடுக்கப் பால்கனிக்குப் போனவள் திரும்பி வரவில்லை. போய்ப் பார்த்தால் சட்டைகளையெல்லாம் தரையில் போட்டுவிட்டு, கிரில்லைப் பிடித்தபடி அந்தச் சீட்டின்மேல் உட்கார்ந்திருக்கிறாள்.

"மைனி, இங்கன ஏறி ஒக்காந்தா மோனோரயில் தெரியுது!"

"எறங்குளா. விழுந்து வச்சா ஒங்க அண்ணன் என்னத்தான் வைவாரு."

"நீங்க இத ஓட்டியே பாக்கலியா?"

"இத யாரு ஓட்டுவா?"

"நாமதான். வேற யாரு இருக்கா?"

அவள் அவ்வளவு சாதாரணமாகச் சொன்னதை என்னால் மறுக்க முடியவில்லை. துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு இரண்டு பேரும் கீழே கார் நிறுத்துமிடத்துக்கு இறங்கினோம்.

அவள் மொபைலில் ஒரு வீடியோ பார்த்து விதிகளைச் சொன்னாள். உடம்பின் பாரம் சீட்டில் இருக்க வேண்டும், காலில் இருக்கக் கூடாது. கீழே பார்க்கக் கூடாது. பெடலை நிறுத்தவே கூடாது. இதில் சும்மா உருளுவது என்பதே கிடையாது, கால் நின்றால் சக்கரமும் நின்றுவிடும். கேட்க எளிதாக இருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். சக்கரம் முன்னால் போனது, நான் பின்னால் போனேன். அடுத்த முறை நான் முன்னால் போனேன், சக்கரம் பின்னால் போய் ஒரு காரின் டயரில் முட்டியது. பெடல் திரும்பி வந்து என் கணுக்காலுக்கு மேல் ஒரு போடு போட்டது. அவள் ஏறினாள். அவளுக்கும் அதே மரியாதை கிடைத்தது. ஆளாளுக்குக் காலைத் தேய்த்துக்கொண்டு சிரித்தோம். அவள் சிரிக்கும்போது மூக்கில் ஒரு குதிரைச் சத்தம் வரும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அடுத்த ஞாயிறு செகரட்டரி வந்துவிட்டார். "மேடம், யே சொசைட்டி ஹை, சர்க்கஸ் நஹி."

"பரிசு குடுத்ததே நீங்கதானே?" என்று ஹிந்தியில் கேட்டேன்.

"ரக்னே கே லியே தியா. சலானே கே லியே தோடி தியா?"

வைத்துக்கொள்ளக் கொடுத்தார்களாம், ஓட்ட அல்ல. ஆக, மைதானத்தைத் தேடிப் போனோம்.

பக்கத்து மைதானத்தின் ஓரமாக இடுப்பளவு இரும்புக் கம்பிவேலி இருந்தது. பிடித்துக்கொள்ள அதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் காலை நேரத்தில் அங்கே ஒரு சிரிப்பு மன்றம் கூடும். ரிட்டயரான பெரியவர்களும் அவர்கள் வீட்டம்மாக்களும் வட்டமாக நின்று, கைகளைத் தூக்கி, ஹா ஹா ஹா என்று உடற்பயிற்சிக்காகச் சிரிப்பார்கள். நான் வேலியைப் பிடித்து ஏறுவேன், விழுவேன், சரியாக அதே நொடியில் ஹா ஹா ஹா.

"நம்மளப் பாத்தா சிரிக்காவ?" என்று கேட்டேன்.

"இல்ல மைனி, அது அவிய எக்சர்சைஸு."

சில வாரங்களில் வித்தியாசம் பிடிபட்டது. பயிற்சிச் சிரிப்பு சத்தமாக இருக்கும். எங்களைப் பார்த்துச் சிரிக்கும்போது சத்தமே வராது, தோள் மட்டும் குலுங்கும்.

கணவரும் ஒருநாள் வந்தார். பெஞ்சில் உட்கார்ந்து சாயா குடித்தபடி, முதுகை நிமிர்த்து, தாடையைத் தூக்கு, மூச்சை விடு என்று சொல்லிக்கொண்டே இருந்தார். தங்கைக்குப் பொறுக்கவில்லை. "அண்ணே, நீ ஒருக்க ஏறிக் காட்டேன்" என்றாள். கிளாஸை வைத்துவிட்டு வந்து ஏறினார். இறங்கியதை நாங்கள் பார்க்கவில்லை, அவ்வளவு வேகம். எழுந்து பெஞ்சுக்குப் போய் மிச்சச் சாயாவைக் குடித்தார். மறுவாரம் இரண்டு ஜோடி முழங்கால் கவசமும் ஹெல்மெட்டும் வாங்கி வந்து சோபாவில் வைத்தார்.

வேலியை விட்டுவிட்டு ஓட்டிய முதல் காலையைச் சொல்ல வேண்டும். கை தானாக வேலியிலிருந்து விலகிவிட்டது. பெடல் ஒரு சுற்று, இன்னொரு சுற்று, இன்னும் கீழே விழவில்லை. காற்று முகத்தில் பட்டது. நான் மனுஷர்களை உயரத்திலிருந்து பார்த்துக்கொண்டு, கைகளை விரித்து, போய்க்கொண்டிருந்தேன். பின்னால் நாத்தனார் "போறிய மைனி! போறிய!" என்று கத்திக்கொண்டே ஓடி வந்தாள்.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. எனக்குத் திரும்பத் தெரியாது. நிற்கவும் தெரியாது. எதிரே சிரிப்பு மன்றம்.

"ஹடோ! ஹடோ!" என்று அலறினேன். வட்டம் பிரிந்து வழி விட்டது. மன்றத்துக்குத் தலைமை தாங்கும், நல்ல பருமனான மாமா ஒருவர் மட்டும் கண்ணை மூடி, கைகளை வானத்துக்கு விரித்து, நடுவில் நின்றுகொண்டிருந்தார். போய் அவரை அப்படியே கட்டிக்கொண்டேன். சக்கரம் எனக்குப் பின்னால் தனியாக விழுந்தது.

அவர் கண்ணைத் திறந்தார். "யாரும்மா நீ?" என்றார், மிகவும் மரியாதையாக.

தமிழர் என்று தெரிந்ததும் எனக்கு வெட்கம் இரட்டிப்பானது. "மன்னிச்சிருங்க மாமா, எனக்கு நிறுத்தத் தெரியாது" என்றேன். கையை எடுக்க முடியவில்லை. எடுத்தால் விழுந்துவிடுவேன், அவர்மேல் அப்படிச் சாய்ந்திருந்தேன்.

பக்கத்தில் நின்ற மாமி, அவருடைய மனைவி, என்னை மேலும் கீழும் பார்த்தாள். "பரவால்லடி, பதட்டப்படாம பிடிச்சுண்டு நில்லு. நானும் கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இவரைத்தான் பிடிச்சுண்டு நிக்கறேன். விழமாட்டார்."

முதலில் சிரித்தது மாமாதான். பிறகு மொத்த மன்றமும். அது பயிற்சி இல்லை. சிலர் புல்லில் உட்கார்ந்துவிட்டார்கள். ஓடி வந்து சேர்ந்த நாத்தனாரின் குதிரைச் சத்தத்தைக் கேட்டு இன்னொரு முறை சிரித்தார்கள்.

மாமி அதோடு விடவில்லை. மாட்டுங்காவில் பிறந்த மாமி. எதையும் ஒழுங்குபடுத்தாமல் இருக்க முடியாதவள். அடுத்த ஞாயிறு சிரிப்பு முடிந்ததும் எல்லோரையும் எதிரெதிராக இரண்டு வரிசையில் நிற்கவைத்தாள். "கையை நீட்டுங்கோ. மேலே விழுந்தா தள்ளிவிடாதேங்கோ, தாங்கிக்கோங்கோ." நடுவில் நாங்கள் ஓட்ட வேண்டும். கம்பிவேலியைவிட மனுஷவேலி எவ்வளவோ மேல். இரும்பு நம்மைப் பாராட்டாது. இவர்கள் ஒவ்வொருவரும் தங்களைத் தாண்டும்போது "ஷாபாஷ்", "பஹுத் அச்சா", "பலே" என்று அவரவர் பாஷையில் சொன்னார்கள். ஒரு மராட்டிப் பெரியவர் தன் முறை வரும் முன்பே கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டுவார். அவருக்குத்தான் எங்களைவிடப் பயம்.

அந்தச் சந்தில்தான் இடுப்பைத் திருப்பினால் சக்கரம் திரும்பும் என்று கற்றுக்கொண்டேன். இறங்கும்போது சக்கரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகக் குதிக்கவும் அங்கேதான் வந்தது. நாத்தனார் என்னைவிட வேகமாகக் கற்றாள். எதையும் பிடிக்காமல் தரையிலிருந்து ஏறவும் அவளுக்கு வந்துவிட்டது. எனக்கு அது இன்றைக்கும் மூன்றில் ஒரு தடவைதான்.

பிறகு அவளும் ஒன்று வாங்கிக்கொண்டாள். இப்போது வாரநாளில்கூட ராத்திரி போன் செய்கிறாள். என்ன ஷூ, சீட்டை எவ்வளவு உயர்த்த, தொடையில் உராய்ந்தால் என்ன தடவ என்று பேசி, நடுவில் ஆபீஸ், தூக்கம் வராதது, அவள் வீட்டுக்காரர் என்று எங்கெங்கோ போய், அடுப்பில் பால் பொங்கிய பிறகுதான் வைக்கிறோம். ஞாயிறு காலை இரண்டு பேரும் கைகோத்துக்கொண்டு மைதானத்தை ஒரு சுற்று வருவோம். ஒருத்தி ஆடினால் இன்னொருத்தி இழுத்துப் பிடிப்பாள், அல்லது இரண்டு பேருமாக விழுவோம். எதற்கு இது என்று ஆபீசில் கேட்டார்கள். நன்றாக இருக்கிறது என்று சொன்னேன்.

கணவர் அதை வீடியோ எடுத்துச் சொந்தக்காரர்களுக்கு அனுப்பிவிட்டார். பாண்டுப்பில் இருக்கும் என் சித்தி உடனே போன் செய்தாள்.

"ஏளா, ஒனக்கு வேற சோலியே இல்லையா? நாலு பேரு பாத்தா என்ன நெனைப்பாவ?"

"நாப்பது பேரு பாத்தாச்சு, சித்தி."

பிறகு குரலைத் தணித்து, "அதுல ஒக்காந்தா இடுப்பு வலிக்குமா?" என்று கேட்டாள்.

"அவ்வளவா வலிக்காது."

"வார ஞாயித்துக்கெழம வாரேன். சும்மா பாக்கத்தான்."

வந்தாள். சும்மா பார்க்கத்தான். காலில் புது ஷூ போட்டிருந்தாள்.