ஆறாவது நிமிடம்

உடுவிலில் மின்சாரமே இல்லாத காலத்தில் நான் கொம்பியூட்டர் வகுப்பு நடத்தினேன். சிரிக்க வேண்டாம். எங்கள் வீட்டு முன்னறையில் ஒரே ஒரு கொம்பியூட்டர், அதைச் சுற்றிப் பதினொரு பிள்ளைகள், நடுவில் இருபத்திமூன்று வயதில் பெரிய ரீச்சர் என்ற நினைப்போடு நான். கரண்ட் நிற்பதற்கு முந்திய வருடம் அத்தான் கொழும்பிலிருந்து கொண்டுவந்து தந்த பெட்டி அது. அதை ஓட்டியது அண்ணையின் இறைப்பு மிசின். காலையில் வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைத்து முடிந்ததும், அந்தச் சூட்டோடேயே பெல்ட்டைக் கழற்றி ஒரு பழைய ஜெனரேற்றரில் மாட்டுவோம். கிணற்றடியிலிருந்து முன்னறை வரை வயர் ஓடும். மிசின் அண்ணையின் பொறுப்பு, கொம்பியூட்டர் என் பொறுப்பு. நான் யன்னலால் ஒரு கத்துக் கத்தினால் மிசினை நிறுத்திவிட வேண்டும். மண்ணெண்ணெய் ஒரு சொட்டுக்கூட வீணாகக் கூடாது என்பது வீட்டுச் சட்டம்.

பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே வாங்கில் பக்கத்தில் இருந்து படித்தவள் அப்போது கம்பசில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில், புவியியல் கடைசி வருடம். வலிகாமம் முழுக்கச் சைக்கிளில் திரிந்து, கிணறு கிணறாகக் கயிறு விட்டு நீர்மட்டம் அளந்து, நாளும் நேரமும் போட்டுக் கொப்பியில் குறித்தவள். அதை ஆங்கிலத்தில் ஐந்து அத்தியாய ஆய்வாக எழுதி என் கொம்பியூட்டரில்தான் அடித்தாள். கம்பஸ் மூடி மூடித் திறந்ததில் அவளுக்கு ஏற்கெனவே இரண்டு வருடம் போய்விட்டிருந்தது. அன்று பின்னேரம் நாலு மணிக்குள் ஆய்வைக் கொண்டுபோய்க் கொடுக்காவிட்டால் இன்னும் ஒரு வருடம்.

கையால் எழுதிய தாள்கள் எங்கே என்று கேட்பீர்கள். பேப்பர் தட்டுப்பாட்டில் அவற்றின் பின்பக்கத்தில் என் பிள்ளைகளுக்குப் பாடம் எழுதிக் கொடுத்துவிட்டேன், அவளிடம் கேட்டுத்தான். பிளொப்பியில் ஒரு பிரதி எடுத்து வைத்திருக்கலாமே என்றால், என்னிடம் இருந்ததே ஐந்து. நாலில் கொம்பியூட்டரை இயக்கும் டொஸ் இருந்தது. ஐந்தாவதில் பூஞ்சணம் இருந்தது.

முந்தின நாள் கொம்பியூட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே மண்ணெண்ணெய் முடிந்து மிசின் நின்றிருந்தது. அன்று காலை அண்ணை எங்கேயோ தேடி எண்ணெய் ஊற்றி, இறைக்கத் தொடங்குமுன் ஒரு நிமிடம் ஓட்டித் தந்தார். கொம்பியூட்டரைப் போட்டால், தன் இயங்குதளத்தைக் காணவில்லை என்று கறுப்புத் திரையில் ஒரு வரி எழுதிவிட்டுப் பேசாமல் இருந்தது. அவள் முகம் வெளுத்துப்போனது. எனக்கோ, உண்மையைச் சொன்னால், உள்ளுக்குள் ஒரே புளுகம், துள்ளிக் குதிக்காத குறை. நாலு பிளொப்பியையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுத்தால் இயங்குதளம் மட்டும் திரும்பப் பதியும், எழுதி வைத்தவை அப்படியே இருக்கும் என்று புத்தகத்தில் படித்திருந்தேன். யாழ்ப்பாணத்தில் எத்தனை பேர் அதைச் செய்து பார்த்திருப்பார்கள்? இதோ, நான் செய்யப்போகிறேன்.

“அண்ணை, இறைக்கிறதைப் பேந்து பாப்பம். முதல் எனக்கு ஓட்டுங்கோ.”

“வெங்காயம் வாடினால் உன்ரை கொம்பியூட்டரைத்தான் கறி வைக்கவேணும்,” என்றார் அண்ணை. சொல்லிக்கொண்டே பெல்ட்டைத் திரும்ப ஜெனரேற்றரில் மாட்டினார்.

மிசின் ஓடிய அந்த விநாடியே சுவிச்சைப் போட்டேன். முதலாவது பிளொப்பி போனது. இரண்டாவது போனது. மூன்றாவது பாதியில், கரகரவென்று வாசித்துக்கொண்டிருந்த சத்தம் பட்டென்று நின்றது. பிளொப்பி போடும் வாயில் சிவப்பு லைற் எரிந்தபடியே நின்றது. எந்த விசையைத் தட்டினாலும் அசைவில்லை. நான் யன்னலால் கத்தினேன், மிசின் நின்றது.

மூன்றாவது பிளொப்பியில்தான் கோளாறு என்று முடிவு கட்டினேன். பஞ்சால் துடைத்தேன், வெயிலில் பிடித்துப் பார்த்தேன், ஊதினேன். அரை மணித்தியாலம் கழித்துத் திரும்ப ஓட்டினால், திரும்பவும் மூன்றாவதில் அதே இடம். கோதாரி. கொம்பியூட்டரின் மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த அட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கித் துடைத்துச் செருகினேன். மூன்றாம் முறை ஒவ்வொரு பிளொப்பியையும் சாமிப் படம் மாதிரித் துடைத்துத் துடைத்துக் கொடுத்தேன். அதில் நேரம் போனதோ என்னவோ, இந்த முறை இரண்டாவதிலேயே இறுகிப்போய் நின்றுவிட்டது.

“என்ன ரீச்சரம்மா, பெட்டிக்கு உயிர் வந்திட்டுதோ?” என்று அண்ணை வெளியிலிருந்து கேட்டார்.

“வாயை மூடிக்கொண்டு மிசினைப் பாருங்கோ.”

இந்த நேரமெல்லாம் அவள் என் பின்னால் ஸ்டூலில் இருந்தாள். அழவில்லை. கொப்பியில் என்னவோ எழுதிக்கொண்டிருந்தாள். கடைசி அத்தியாயத்தை ஞாபகத்திலிருந்து திரும்ப எழுதுகிறாளாக்கும் என்று நினைத்தேன். அந்த நினைப்பும் கோபமாகத்தான் வந்தது. எனக்கு எல்லாமே கோபமாகத்தான் வரும்.

நேரம் பதினொன்றரை தாண்டியிருந்தது. ஹாட் டிஸ்க்கே பழுதாகிவிட்டது, உள்ளே இருந்தது எப்படியும் போயிருக்கும் என்று என் மனம் சொல்லத் தொடங்கியது. முழுவதையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கினால் இயங்குதளமாவது பதியும். கொம்பியூட்டர் ஓடும். நான் தோற்றவள் இல்லை என்றாகும். அப்படித்தான் நினைத்தேன், வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். நாலாம் முறை அண்ணை மிசினை ஓட்டியதும் முதலாவது பிளொப்பியைப் போட்டு, அழிப்பதற்கான கட்டளையை அடித்தேன். இந்த டிஸ்க்கில் உள்ள எல்லாம் அழிந்துபோகும், தொடரட்டுமா என்று திரை ஆங்கிலத்தில் கேட்டது. ஆம் என்கிற எழுத்தின் மேல் என் விரல் இருந்தது.

“என்ன கேக்குது?” என்றாள் பின்னாலிருந்து.

“ஒண்டுமில்லை. உது வழமையாய்க் கேக்கிறதுதான்.”

“சரி. விரலை எடுத்துப்போட்டு ஒருக்கா இங்கை பார்,” என்றாள். அவ்வளவு ஆறுதலாக, தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்கிற குரலில். நான் விரலை எடுத்துவிட்டுத் திரும்பினேன்.

கொப்பியில் மூன்று வரி இருந்தது. மிசின் ஓடத் தொடங்கிய நேரம், கொம்பியூட்டர் நின்ற நேரம். ஓடியது, நின்றது. ஓடியது, நின்றது. கிணற்றுக்குக் குறித்த மாதிரியே குறித்திருந்தாள்.

“நீ மூண்டாவது பிளொப்பி எண்டு நிக்கிறாய். கடைசிமுறை ரெண்டாவதிலையெல்லோ நிண்டது. ஆனால் நேரத்தைப் பார். மூண்டுமுறையும் மிசின் ஓடி ஆறாவது நிமிசம்.”

“அதுக்கு?”

“இப்ப ஓடி அஞ்சரை நிமிசம். ஒண்டையும் தொடாமல் இரு.”

இருவரும் அவளுடைய கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஆறு நிமிடம் ஆகப்போனது. கிணற்றடியில் மிசின் இருமியது. திரையில் இருந்த எழுத்துகள் ஒருதரம் சுருங்கி விரிந்தன. நான் விசையைத் தட்டினேன். அசைவில்லை. யாரும் தொடாமல், கேள்வியைக் கேட்டபடியே கொம்பியூட்டர் செத்துப்போய் நின்றது.

செருப்புக்கூடப் போடாமல் கிணற்றடிக்கு ஓடினேன்.

“அண்ணை, இப்ப என்ன செய்தனீங்கள்?”

“என்ன செய்தனான்? வழமையாய்ச் செய்யிறதுதான். சின்னப் போத்தில் பெற்றோல் முடியப் போச்சுது, மண்ணெண்ணெய்க் குழாயைத் திறந்தனான். மாறேக்கை மிசின் ஒருக்கா இருமும். பெற்றோலிலை நாள் முழுக்க ஓட்ட நான் என்ன மந்திரியோ?”

அவ்வளவுதான் விஷயம். குளிர்ந்த மிசின் மண்ணெண்ணெயில் கிளம்பாது, கொஞ்சம் பெற்றோல் காட்டித்தான் கிளப்ப வேண்டும், சூடானதும் மாற்ற வேண்டும். ஊரில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். மற்ற நாட்களில் அந்த இருமல் வெங்காயத்தோடு முடிந்துவிடும், கொம்பியூட்டருக்கு வராது. அன்று நான் பட்ட அவசரத்தில் இருமல் நேரே முன்னறைக்கு வந்தது. ஒவ்வொரு முறையும் நான் கத்தி மிசினை நிறுத்தி, ஆற வைத்து, திரும்பப் பெற்றோலில் கிளப்பச் சொல்லி, அதே இருமலைக் கேட்டு வாங்கியிருக்கிறேன். நான் பிளொப்பி வாசிக்கும் சத்தத்தைக் கேட்கப் பெட்டியோடு காதை ஒட்டிக்கொண்டு இருந்ததால் திரை சுருங்கியதையும் காணவில்லை.

“அப்ப பிழை என்ரை மிசினிலையோ?” என்று அண்ணை சண்டைக்கு வந்தார். “இருமல் கேட்டாலே மயங்கி விழுகிற பெட்டியை வைச்சுக்கொண்டு நீ கதைக்கிறாய்.”

“மிசினை நிப்பாட்டாதேங்கோ. வானம் இடிஞ்சாலும் நிப்பாட்டாதேங்கோ.”

மிசின் மண்ணெண்ணெயில் சீராக ஓடிக்கொண்டிருந்தது. கொம்பியூட்டரை நிறுத்தி, மூச்சை அடக்கிக்கொண்டு திரும்பப் போட்டேன். முதலாவது. இரண்டாவது. மூன்றாவது வாசித்து முடிந்தபோது அவள் என் தோளைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது. நாலாவதும் முடிந்தது. கோப்புகளின் பட்டியலைக் கேட்டேன். அவளுடைய ஐந்து அத்தியாயங்களும் வரிசையாக வந்து நின்றன.

இருவரும் கத்திய கத்தில் முருங்கை மரத்துக் காகங்கள் எழும்பிப் பறந்தன. உடனே திரை இருண்டது. நான் கத்தினால் நிறுத்த வேண்டும் என்பது அண்ணைக்கு ஊறிப்போன பழக்கம். வானம் இடிந்தாலும் என்றுதானே சொன்னேன், கத்தினாலும் என்று சொல்லவில்லையாம். அவரைத் திட்டி முடிப்பதற்குள் மிசினைத் திரும்ப ஓட்டி, குழாயை மாற்றி, “இருமியாச்சு, போடு” என்று தானே குரல் தந்தார். பிளொப்பி எதுவும் போடாமல் சுவிச்சைப் போட்டேன். கொம்பியூட்டர் தன் பாட்டில் எழும்பியது.

பிரின்ரர் கிறீச் கிறீச்சென்று ஒவ்வொரு தாளாகத் தள்ளியது. அன்றைய சங்கீதம் அதுதான். இடையில், இன்னும் ஒரு பக்கம் வேண்டும் என்று அவளே உட்கார்ந்து அடித்தாள். நன்றிப் பக்கம். தன் உழைப்பைக் காப்பாற்றித் தந்தவள் என்று என் பெயரைப் போட்டிருந்தாள். அந்தத் தாளை என் கையாலேயே பிரின்ரரிலிருந்து கழற்றி எடுத்தேன். முகம் காந்தியது.

மூன்று மணிக்கு எல்லாம் முடிந்தது. கம்பசுக்கு அரை மணித்தியாலச் சைக்கிள் ஓட்டம். தாள்கட்டை அவள் கரியரில் வைத்துக் கட்டிக்கொண்டிருக்கும்போது என்னால் அடக்க முடியவில்லை.

“அந்தப் பக்கத்தை எடுத்துவிடு. நான் உன்ரை எழுத்தை முழுக்க அழிக்கப் பாத்தனான். விரலை வைச்சிட்டன்.”

அவள் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டாள்.

“தெரியும். அஞ்சு அத்தியாயம் இங்கிலீசிலை எழுதினவளுக்கு ஒரு வரி இங்கிலீசு வாசிக்கத் தெரியாதெண்டு நினைச்சனியோ?”

நான் முடிச்சைச் சரிபார்க்கிற மாதிரிக் குனிந்தேன்.

“சத்தம் போட்டால் திடுக்கிட்டு அந்த எழுத்தை அமத்திப்போடுவாய் எண்டுதான் மெல்லமாய்க் கதைச்சனான்,” என்றாள். “கையிலை இருந்த பென்சில்தான் முறிஞ்சுபோச்சுது. நீ பாக்கேல்லை.”

சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறி மிதித்தாள். அந்தப் பக்கத்தை அவள் எடுக்கவில்லை.