பஸ்ஸின் பின்பாதி

நெய்வேலியில் மாறுவேட அரை மராத்தான் என்றதும் துள்ளியவர் என் கணவர்தான். அது அவர் வளர்ந்த ஊர். மாமனார் ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்தாகிவிட்டது. அதனால் சென்னையிலிருந்து போய் மந்தாரக்குப்பத்தில் லாட்ஜ் எடுத்தோம்.

சுரங்கத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஷிப்ட் பஸ்ஸாக ஓடுவது அவர் யோசனை. அட்டையை வெட்டி ஒட்டி, வண்ணம் அடித்ததும் அவரே. முன்பாதியை அவர் தோளில் மாட்டிக்கொண்டார், பின்பாதியை நான். எனக்குக் கூச்சமாக இருந்தது. அவ்வளவு ஆசைப்படுகிறாரே என்று மாட்டிக்கொண்டேன்.

பாதி தூரத்தில் அவருடைய பள்ளித் தோழர்கள் மூன்று பேர் எங்களை எட்டிப் பிடித்தார்கள். ஒருவர்கூட வேஷம் போட்டிருக்கவில்லை.

"இன்னாடா இது கோலம், பஸ்ஸ மாட்டிக்கினு?" என்றார் ஒருவர்.

"எல்லாம் இவ ஆசைடா. சொன்னா எங்க கேக்குறா?" என்றார் என் கணவர், வாய் கூசாமல். தன் பாதியைக் கழற்றி என் கையில் திணித்துவிட்டு அவர்களோடு ஓடியே போய்விட்டார்.

இரண்டு பாதியையும் வெயிலில் நானே சுமந்து முடித்தேன். எல்லைக்கோட்டில் இளநீர் குடித்துக்கொண்டிருந்தவர், முன்பாதியை வாங்கி மாட்டிக்கொண்டு போட்டோவுக்குச் சிரித்தார். என் முகம் அட்டைக்குப் பின்னால் மறைந்துவிட்டது.

அந்தப் படத்தைக் குடும்பக் குரூப்பில் போட்டு, 'மனைவியின் ஆசைக்காக' என்று எழுதினார்.

"குடுத்து வெச்சவடி நீ" என்று முதலில் பதில் போட்டது என் அம்மா.