சுவருக்கு அந்தப் பக்கம்

காதர் ஓடாவி இறந்துபோன சேதி வந்தபோது நான் காலைக் கழுவிக்கொண்டிருந்தேன். மத்தியானச் சோற்றுக்கு அவர் வீட்டுக்குப் போகிற நேரம் அது. டீக்கடைப் பையன் சைக்கிளை நிறுத்தாமலே, "மாரியண்ணே, ஓடாவி நானா மவுத்தாயிட்டாங்க" என்று கத்திவிட்டுப் பள்ளிவாசல் பக்கம் போனான். நான் கழுவின காலையே திரும்பவும் கழுவிக்கொண்டு நின்றேன்.

மெர்சிங் கரையில் படகு வைத்திருக்கிற உங்கள் எல்லாருக்கும் அவரைத் தெரியும். உங்கள் படகுகளில் பாதி அவர் கை பட்டவை. எனக்கு எழுத்து தெரியாது. வாத்தியார் ஒருவர் எழுதித் தருகிறார். சொல்வது நான்தான்.

நான் அப்போது மாட்டுவண்டி ஓட்டினேன். காட்டிலிருந்து மரம் ஏற்றிக்கொண்டு ஆற்றுமுகத்துப் பட்டறைக்குப் போவேன். பட்டறை சீன முதலாளியுடையது; தவுக்கே என்போம். வேலை காதர் நானாவுடையது; அண்ணனை அவர்கள் வீட்டில் நானா என்பார்கள். நாகப்பட்டினத்துப் பக்கத்து மனிதர், தகப்பன் வழி படகு கட்டுகிற ஓடாவி. முதல் நாள் மரம் இறக்கிவிட்டு, வழக்கப்படி சிரட்டையை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுப் பின்பக்கம் போய் நின்றேன். தோட்டத்தில் பிறந்த எங்கள் ஆட்களுக்கு எந்த வீட்டிலும் வாசலோடு சரி.

"அங்க என்ன மரமாட்டம் நிக்கிறே? சோறு ஆறிடும்லா, உள்ள வா" என்றார்.

"நானா, நான் எந்த ஆளுன்னு தெரியாம..."

"பசிச்ச ஆளு. மூஞ்சிலயே தெரியுதே."

நடுவில் அகலமான ஈயம் பூசிய செம்புத் தட்டு இருந்தது. சஹன் என்பார்கள்; நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுகிற தட்டு. சோற்றின் மேல் விரலால் கோடு கிழித்தார். "இது உன் பக்கம். என் பக்கம் மீனுக்குக் கை வந்துச்சு, உளியால அடிப்பேன்." பட்டறை ஆட்கள் சிரித்தார்கள். நான் குனிந்தபடியே சாப்பிட்டேன். குழம்பு காரம் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

ஜெர்மன் சண்டைக்கு முந்தின வருஷம், ஓட்டை விழுந்த கப்பல் ஒன்று நம் கரையில் ஒதுங்கியது. அதன் வெள்ளைக்காரத் துரை ஆஸ்திரேலியாவில் முத்துச்சிப்பி எடுக்கும் படகுகள் வைத்திருந்தவர். நானா கலப்பத்து அடித்தார். பலகை இடுக்கில் நாரைத் திணித்து உளியால் இறுக்குகிற வேலை அது. துரை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். தம் சாமான் பெட்டியைத் தாமே தூக்கிக்கொண்டு நடந்த வெள்ளைக்காரனை நாங்கள் அன்றுதான் கண்டோம். போகும்போது, "எங்கள் ஊருக்கு வா, இந்தக் கைக்கு அங்கே தனிப் பட்டறையே கிடைக்கும்" என்று மலாயில் சொல்லிவிட்டுப் போனார்.

அந்தச் சொல் நானாவைப் பிடித்துக்கொண்டது. வயது நாற்பத்தைந்து தாண்டிவிட்டது. பிள்ளைகள் இல்லை. இருபது வருஷமாகத் தவுக்கேயின் கொட்டகை.

"என் பேர்ல ஒரு பட்டறை, மாரி. அதுல மைமூன் சோறாக்கணும். நாலு ஊர் ஆளும் உக்காந்து திங்கணும். அது போதும்."

மைமூன் லாத்தா அவருடைய மனைவி. அக்காவை அவர்கள் வீட்டில் லாத்தா என்பார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். "கெழவனுக்குக் கடல் தாண்ட ஆசை" என்று சிரித்தார். ஆனால் சஹனைத் துணியில் சுற்றிக் கட்டிக்கொடுத்ததும் அவர்தான். "அங்க எத்தனை பேரு சாப்பிட வருவாங்களோ. பட்டறை போட்டதும் ஆள் அனுப்புங்க, வந்துடுறேன்" என்றார்.

சிங்கப்பூர் வரை நானும் கூடப் போனேன். துரையின் ஊருக்குக் கூலி ஆள் பிடிக்கும் ஏஜெண்டு வயதானவனை எடுக்கமாட்டான் என்று யாரோ சொல்லிவிட, கப்பலிலேயே கரித்தூளைத் தேங்காயெண்ணெயில் குழைத்துத் தாடிக்குப் பூசிக்கொண்டார். ஏஜெண்டு முன்னால் வெயிலில் நின்றதும் அது கழுத்து வழியாகச் சட்டையில் இறங்கியது. ஏஜெண்டு தமிழ் ஆள்தான். "அலமாக்! தாடி உருகுது பாய்" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டான்.

நானா துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். பாதி நரைத்த தாடி வெளியே வந்தது. "தாடியா படகு கட்டப்போவுது? கையைப் பாருங்க" என்றார். எடுத்துக்கொண்டான். ஆனால் ஒன்று சொன்னான்: "தனி ஆளுக்குத்தான் சீட்டு. பொம்பளையக் கூட்டிட்டுப் போக அந்த ஊர்ச் சட்டம் விடாது. வேலை முடிஞ்சா திரும்பிடணும்."

"அப்ப லாத்தா?" என்றேன். நானா என் தோளில் தட்டினார். "தொரை மனசு வச்சா நடக்காதது உண்டாடா?"

நாங்கள் எல்லாரும் நம்பியது அதைத்தான். இங்கே தோட்டத்தில் துரை தலையசைத்தால் வீடு வரும். முகம் சுளித்தால் வீடு போகும். அவருக்கு மேலே ஒன்று இருக்கும் என்று எங்களில் யாருக்குத் தோன்றும்?

அவர் போன பிறகு லாத்தாவுக்கு விறகும் தண்ணீரும் நான்தான் கொண்டுபோய்ப் போட்டேன். புருஷன் இல்லாத வீட்டுக்குள் நான் போகமுடியாது; அது முறையும் இல்லை. சோற்றை இலையில் வைத்துப் பின்படியில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வார். நான் பலகைச் சுவரில் சாய்ந்து சாப்பிடுவேன். அந்தப் பக்கம் அவரும் உட்கார்ந்து சாப்பிடுகிற சத்தம் கேட்கும்.

"மாரி, உப்புப் பத்துமா?"

"பத்தும் லாத்தா."

"பொய் சொல்லாதே. எனக்கே பத்தல."

ஏதாவது கப்பலாள் சேதி கொண்டுவந்தால் அதையும் சுவர் வழியாகத்தான் சொல்வேன். நானா சுகம், துரைக்கு அவர்மேல் பிரியம், இன்னும் ஒரு வருஷம் இருக்கச் சொல்கிறார். "பட்டறை போட்டுட்டாங்களாமா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார். "போடுவாங்க லாத்தா" என்பேன். மெதுவாக அந்தக் கேள்வி நின்றுபோயிற்று. உப்பைப் பற்றி மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்.

மூன்றாவது வருஷம் வாடை மழையில் காய்ச்சல் கண்டு லாத்தா போய்விட்டார். கடல் கொந்தளித்து எந்தக் கப்பலும் ஓடாத நாட்கள். பள்ளிவாசல் ஆட்கள் சுமந்தார்கள். நான் பின்னால் நனைந்துகொண்டே நடந்தேன். நானாவுக்குச் சேதி எட்டவே மாசக்கணக்காயிற்று. எட்டிய பிறகும் ஒப்பந்தம் முடியாமல் அவர் கிளம்ப முடியவில்லை.

அவர் வந்து இறங்கிய நாள் இன்னும் கண்ணில் நிற்கிறது. உளிப்பெட்டி ஒரு கையில், துணி சுற்றிய சஹன் மற்றொரு கையில். தாடி முழுதும் பஞ்சு. நேரே லாத்தாவைப் புதைத்த கபறுக்குப் போனார். வெகுநேரம் கழித்து வீட்டுக்கு வந்து பின்படியில் உட்கார்ந்தார்.

"தொரை மனசு வச்சாரு, மாரி. நல்ல மனுசன்தான். எனக்காக எழுதியும் பார்த்தாரு. அவருக்கு மேல சட்டம்." சஹனின் துணியை அவிழ்த்துக்கொண்டே சொன்னார்: "படகெல்லாம் கடலுக்குப் போயிட்டா கரையில நான் ஒருத்தன். இந்தத் தட்டுல என் பக்கம் மட்டும் சோறு போட்டுத் தின்னேன். மத்த மூணு பக்கமும் காத்துதான் உக்காந்து சாப்பிட்டுச்சு."

பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டார்: "அவ யாரோட சாப்பிட்டா?"

நடந்ததைச் சொன்னேன். சுவருக்கு அந்தப் பக்கம் லாத்தா, இந்தப் பக்கம் நான். உப்புக் கேட்டதையும் சொன்னேன். அவர் எழுந்து உள்ளே போனார். லாத்தா உட்காருகிற இடத்தைக் கேட்டு, அங்கே பலகையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். "அப்ப தனியா இல்ல" என்றார். அதற்குப் பிறகுதான் அழுதார்.

மறுநாளிலிருந்து தவுக்கேயின் கொட்டகையில் பழையபடி வேலைக்கு நின்றார். பட்டறைப் பேச்சை அவர் பிறகு எடுத்ததேயில்லை. ஆனால் மத்தியானம் சஹனில் ஒரு பக்கம் காலியாக இருந்தால் பொறுக்கமாட்டார். மீன்காரர், தபால்காரர், வழி கேட்க வந்தவர், யாரையும் விடமாட்டார். "சாப்பிட்டாச்சு நானா" என்று சொன்னவரிடம், "யாரோட?" என்று கேட்பார். அந்தக் கேள்வியில் மாட்டிக்கொண்டவர்கள் இதைக் கேட்பவர்களிலும் இருப்பீர்கள். கேலிக்குக் கேட்கிறார் என்று நினைத்திருப்பீர்கள்.

சஹனைப் பள்ளிவாசலுக்குக் கொடுக்கச் சொல்லியிருந்தாராம். அங்கே எப்போதும் நாலு பேர் கூடுவார்கள், அது சரிதான். எனக்கு மிச்சம் அந்தப் பலகைச் சுவர். வீட்டைத் தவுக்கே இன்னும் யாருக்கும் விடவில்லை. மத்தியானம் சோற்றை எடுத்துக்கொண்டு போய்ப் பின்படியில் உட்கார்ந்து சாய்ந்துகொள்கிறேன். முதல் கவளத்துக்கு முன்னால், பழக்கத்தில், கொஞ்சம் காத்திருக்கிறேன். உள்ளே சத்தமில்லை.

"பத்தும் லாத்தா. பத்தும் நானா" என்று நானே சொல்லிவிட்டுச் சாப்பிடுகிறேன்.