சூலத்துக்குப் பயந்து மலை சுற்றிய மாப்பிள்ளை

போன ஞாயிற்றுக்கிழமை ஆர்.கே.பேட்டைக்குப் பெண் பார்க்கப் போனோம். நாங்கள் வண்டியில் போனோம். மாப்பிள்ளை சைக்கிளில் வந்தான்.

சிரிக்காதீர்கள். கும்மிடிப்பூண்டியிலிருந்து சைக்கிளில். அதுவும் நேர் வழியில் இல்லை... ஆந்திரா மலையெல்லாம் சுற்றிக்கொண்டு.

மாப்பிள்ளை என் தங்கை மகன் தனசேகர். நான் தாய்மாமன். சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் சூப்பர்வைசர் வேலை. முப்பத்து மூன்று வயது. குடி இல்லை, பீடி சிகரெட் இல்லை. இருப்பது ஒரே பழக்கம்தான் — சைக்கிள். ஆட்டுக்கடா கொம்பு மாதிரி ஹேண்டில் பார். ஸ்டாண்ட் கிடையாது, பெல் கிடையாது, மட்கார்டு கிடையாது. விலையை ஒரு நாள் கேட்டேன். இவ்வளவு இல்லாததற்கா இவ்வளவு விலை?

ஞாயிறு விடிவதற்குள் கிளம்பிவிடுவான். மேடாகத் தேடித் தேடிப் போவான். ரூட் போட்டதும் போனில் கொண்டுவந்து காட்டுவான். மலை ஏறி இறங்குவதைக் கோடாக வரைந்திருக்கும். ஆஸ்பத்திரியில் எனக்கு எடுத்த ஈசிஜி மாதிரியே இருக்கும். சூப்பர் ரூட்டு மாமா என்பான். எனக்கு எடுத்த கோட்டைப் பார்த்த டாக்டர் அப்படிச் சொல்லவில்லை.

அந்த மலைகள் எனக்கும் தெரிந்தவைதான். நான் படித்தது இரண்டாம் வகுப்பு. பழவேற்காட்டுக் கருவாட்டை வாடகை சைக்கிளில் கட்டிக்கொண்டு நாகலாபுரம் வரை போய் விற்றிருக்கிறேன். மேட்டில் நான் சைக்கிளைத் தள்ளினேன். பள்ளத்தில் அது என்னைத் தள்ளியது. ஒரு தடவை பிரேக் அறுந்து, நேராக ஒரு கல்யாணப் பந்தலுக்குள் போய் நின்றேன். சைவச் சாப்பாட்டுக் கல்யாணம். கருவாட்டு மூட்டையோடு நான்... சரி, அது வேறு கதை.

தனசேகருக்கு வந்த வரன்களெல்லாம் இந்தச் சைக்கிளால்தான் தட்டிப்போயின. வேப்பம்பட்டில் ஒரு குடும்பம். எல்லாம் கூடி வரும் நேரத்தில், பையன் ஞாயிற்றுக்கிழமையானால் காணாமல் போகிறான் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். வேறு குடும்பம் இருக்குமோ என்று சந்தேகம். பெண்ணின் சித்தப்பாவை மோட்டார் பைக்கில் பின்னாலேயே அனுப்பினார்கள். அவர் போய்ப் பார்த்தால், மலை உச்சியில் ஒரு பாறை மேல் தனியாக உட்கார்ந்து வாழைப்பழம் தின்றுகொண்டிருக்கிறான்.

அவர் திரும்பி வந்து சொன்னது இது: "வேற பொம்பளன்னா கூட பேசித் தீத்துக்கலாம்யா. ஒண்டியா மலை மேல குந்திக்கினு பழம் துன்றவன இன்னா பண்றது?"

சம்பந்தம் முறிந்தது.

அதற்குப் பிறகு வந்தவர்களும் ஒரே பேச்சு — சைக்கிளை விடச் சொல்லுங்கள். அவன் விடவில்லை. என் தங்கை சாப்பிடாமல் படுத்துப் பார்த்தாள். அப்போதும் விடவில்லை. இந்த ஆர்.கே.பேட்டை வரனும் போனால் இனி தேடுவதில்லை என்று சொல்லிவிட்டாள். தனசேகரும் ஒரு முடிவுக்கு வந்திருந்தான். இந்தத் தடவை எதையும் மறைக்கப்போவதில்லை, சைக்கிளிலேயே போய் இறங்குவேன் என்றான். தங்கை தலையில் அடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் அவள் காலண்டரைப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை. மேற்கே சூலம்.

சூலம் இருக்கிற திசையில் நல்ல காரியத்துக்குப் போகக் கூடாது. எங்களுக்கு ஆர்.கே.பேட்டை மேற்கே. பெண் வீட்டாருக்கோ வேறு நாள் தோதுப்படவில்லை. என்ன செய்வது? பரிகாரம் இருக்கிறது, வாயில் துளி வெல்லம் போட்டுக்கொண்டு போகலாம். ஆனாலும் தங்கைக்கு மனசு ஆறவில்லை.

தனசேகர் அந்தச் சந்தில் புகுந்தான். ஆந்திராவுக்குள் போய், சத்தியவேடு, நாகலாபுரம், நகரி என்று மலையோரமாகவே சுற்றி, பள்ளிப்பட்டில் இறங்கினால் ஆர்.கே.பேட்டை நேர் தெற்கு. தெற்கே ஞாயிறு சூலம் இல்லை.

"நகரிக்கு மேக்கதானடா போற?" என்று கேட்டாள்.

"அது சும்மா சைக்கிள் உடறதும்மா. பொண்ணு பாக்கப் போறது பள்ளிப்பட்டுலேர்ந்துதான்."

இந்த நியாயத்தை எந்தக் கோர்ட் ஒப்புக்கொள்ளும்? என் தங்கை ஒப்புக்கொண்டாள். போதாததற்குக் கிளம்பும்போது சைக்கிளுக்குத் திருஷ்டி சுற்றி, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழமும் வைத்தாள். அந்த டயர் பழத்தைவிட ஒல்லி. பழம் நசுங்கவில்லை. உருண்டு சாக்கடைக்குப் போனது.

சொந்தக்காரர்கள் எல்லாரும் வாயில் வெல்லத்தோடு வேனில் திருவள்ளூர் வழியாகப் போனார்கள். ஆள் கணக்கு ஒற்றைப்படையில் இருக்க வேண்டும். நான் ஏறினால் இரட்டை. அதனால் என்னை இறக்கி, தனசேகரின் வேட்டி சட்டையைக் கையில் கொடுத்து, ஏழுமலையின் குட்டியானை லோடு வண்டியில் ஏற்றி, சைக்கிளுக்குப் பின்னால் அனுப்பினார்கள். தாய்மாமனுக்கு மரியாதை!

ஏழுமலை எங்கள் தெருப் பையன். தண்ணீர் கேன் லோடு அடிப்பவன். தனசேகர் போட்டிருந்த இறுக்கமான அரை டவுசரைப் பார்த்துவிட்டு, நகரி வரைக்கும் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு வந்தான்.

மேட்டில் நாங்கள் அவனைப் பிடிப்போம். இறக்கத்தில் அவன் எங்களை விட்டுவிட்டுப் போய்விடுவான். நாகலாபுரம் தாண்டி ஒரு டீக்கடையில் நின்றபோது, ஒரு பெரியவர் அவனைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, என்னிடம் பரிதாபமாகக் கேட்டார், இது ஏதாவது வேண்டுதலா என்று. ஆமாம், கல்யாணத்துக்கு என்றேன். அவரும் கும்பிட்டுக்கொண்டார்.

எல்லாம் பள்ளிப்பட்டு வரைக்கும்தான். அங்கே ரோட்டின் குறுக்கே ஒரு கரும்பு டிராக்டர் சாய்ந்து கிடந்தது. மணி பதினொன்று தாண்டிவிட்டது. பன்னிரண்டுக்கு எமகண்டம், அதற்குள் வீட்டுக்குள் காலை வைத்தாக வேண்டும். தனசேகர் சைக்கிளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான். கரும்பு மேலேயே நடந்து அந்தப் பக்கம் இறங்கிப் போயே போய்விட்டான். வேட்டி என் மடியில்.

ரோடு சரியாகி, நாங்கள் போய்ச் சேரும்போது என்ன நடந்திருந்தது என்றால் — பெண்ணின் அப்பா வாசலில் நின்றிருக்கிறார். ஹெல்மெட்டோடு ஒருவன் வேர்க்க விறுவிறுக்க வந்து இறங்கவும், யார் பெயருக்குப் பார்சல் என்று கேட்டிருக்கிறார். தனசேகர், "நான்தாங்க மாப்பிள்ள" என்றிருக்கிறான். உள்ளே என் தங்கை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாளாம்.

நான் நுழைந்தபோது கூடத்தில் தனசேகர் மடியில் ஒரு தலையணையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பெண்ணின் அப்பா கரும்பு விவசாயி, வாட்டசாட்டமான ஆள். மெதுவாக ஆரம்பித்தார். வேனில் வந்தவர்கள் எந்த வழி? தங்கை திருவள்ளூர் வழி என்றாள். வெல்லம் போட்டுக்கொண்டுதான் வந்தோம் என்று அவசரமாகச் சேர்த்துக்கொண்டாள்.

அவர் முகம் தொங்கிவிட்டது. "போன வருசம் பொண்ணு பாக்க வந்தவங்களும் வெல்லந்தான் துன்னாங்க. இன்னா ஆச்சி? நின்னுபோச்சி."

சம்பந்தம் போயிற்று என்று நினைத்தேன். அவர் தனசேகர் பக்கம் திரும்பினார்.

"நீ எப்டி வந்த நைனா?"

"பள்ளிப்பட்டு வழியாங்க. வடக்கேர்ந்து தெக்க."

"எதுக்கு அம்மாந்தூரம் சுத்தின?"

தனசேகர் அம்மாவைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். "ஞாயித்துக்கெழம மேக்க சூலமாச்சேங்க."

பொய் இல்லை. ஆனால் மலைக்கு அவன் சொன்ன சாக்கு அது என்பது அவனுக்கும் எனக்கும் தெரியும்.

பெண்ணின் அப்பா எழுந்துவிட்டார். சூலத்துக்கு மரியாதை கொடுத்து மலையையே சுற்றி வந்த பிள்ளை! கண் கலங்கிப்போனார். நான் வேட்டியை நீட்டினேன். அவர் தடுத்தார். இது வேனில் வந்ததா என்று கேட்டார். இல்லை, பையனுக்குப் பின்னாலேயே மலை சுற்றி வந்ததுதான் என்றேன். அதற்கப்புறம்தான் கட்டிக்கொள்ள விட்டார். கையோடு தீர்ப்பும் சொன்னார். இனி இந்த வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை வருகிற மாப்பிள்ளை அந்த மலை வழியாகத்தான் வர வேண்டும். தனசேகர் முகத்தைப் பார்க்க வேண்டுமே... தீபாவளி போனஸ் டபுளாக வந்த மாதிரி.

பிறகு பெண்ணும் பையனும் தனியாகப் பேசக் கொல்லைப்பக்கம் போனார்கள். பெண் பெயர் ரேவதி, திருத்தணியில் மருந்துக் கடையில் வேலை. நானும் காற்றாட அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். வயசானவனுக்குக் காது கேட்காது என்று எல்லாருக்கும் ஒரு நினைப்பு. அதைக் கெடுப்பானேன்?

"ஞாயித்துக்கெழம எங்க போவீங்க?" என்றாள் ரேவதி.

"மலைக்கு."

"கூட யாரு?"

"யாரும் இல்ல."

"அப்பா சொன்னாரே, இங்க வரணும்னா அந்த வழியாத்தான்னு. எனக்கும் அந்த ஒரு நாள்தான் லீவு. நான் எதுல வர்றது?"

அவள் சைக்கிளைச் சுற்றி வந்து பார்த்தாள். "இதுல கேரியர் எங்க?"

"ரோடு பைக்குங்க இது. கேரியர் மாட்ட எடமே இல்ல."

"அப்போ எனக்கும் எடம் இல்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கோபமா, விளையாட்டா? எனக்குப் பிடிபடவில்லை. காபி டம்ளரை எடுக்க வந்தபோது பார்த்தேன், சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். எங்கள் பதிலை மட்டும் ஒரு வாரத்தில் சொல்லச் சொன்னார்கள்.

மூன்று நாள் தனசேகர் சரியாகச் சாப்பிடவில்லை. மெட்ராஸில் அந்த சைக்கிளை விற்ற கடைக்குப் போன் போட்டு, கேரியர் மாட்ட முடியுமா என்று கேட்டான். எதிர்முனையில், வீட்டில் ஏதாவது பிரச்சினையா சார் என்று விசாரித்தார்களாம்.

புதன்கிழமை என்னிடம் வந்தான். "எல்லாரும் சைக்கிள உடு உடுன்னாங்க மாமா. இந்தப் பொண்ணு ஒண்ணுதான் ஏறிக்கிறேன்னுது" என்றான். அதற்கு மேல் நான் என்ன சொல்ல? எங்கள் தெருவில் கிரில் கேட் செய்கிற வெல்டிங் கடைக்காரர் பார்த்தார். வெல்டு பிடிக்காது, கிளாம்ப் போட்டு மாட்டிவிடலாம் என்று தைரியம் சொன்னார். ஆர்.கே.பேட்டைக்கும் சம்மதம் என்று போன் போய்விட்டது.

உலகத்தில் கல்யாணத்துக்கு நாள் பார்ப்பார்கள். என் தங்கை காலண்டரும் கையுமாக உட்கார்ந்து, கேரியர் மாட்ட நாள் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.