பிடரியைப் பிடித்துக்கொண்டு சிரித்தவர்

எங்கள் அக்காவின் பதினாறாம் நாள் விசேஷத்துக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். இந்த நினைவு மலரில் அக்காவைப் பற்றி நான்தான் எழுத வேண்டும் என்று அத்தான் சொல்லிவிட்டார். "அழுது வடியாம எழுது சுமதி, அவளுக்கு அது பிடிக்காது" என்று ஒரு கட்டளையும் போட்டார். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது நாங்குநேரிப் பக்கம். கைக்குழந்தையாக இருந்தபோதே அப்பாவும் அம்மாவும் தாராவிக்கு வந்துவிட்டார்கள். அப்பாவுக்குத் தோல் பதனிடும் இடத்தில் வேலை. நான் தாராவியிலேயே பிறந்தவள், அக்காவுக்கு ஏழு வயது இளையவள். வீட்டில் தமிழ், சந்தில் இந்தி, குழாயடியில் மராத்தி என்று அக்கா மூன்று மொழியிலும் சண்டை போடுவார், மூன்றிலும் சமாதானமும் ஆவார். யாரையாவது ஒரு முறை பார்த்தால் போதும், அவர்களைப் போலவே நடந்து, பேசி, இருமிக் காட்டுவார். வாடகை கேட்டு வருகிறவரை அவர் எதிரிலேயே நடித்துக் காட்டி, அவரையே சிரிக்க வைத்து அனுப்பியது எங்கள் சந்தில் எல்லாருக்கும் தெரியும்.

அக்கா பக்கத்துச் சந்தில் இருந்த தையல் பட்டறையில் நைட்டி தைத்தார். தோல் பை செய்யும் பட்டறையில் வேலை பார்த்த அத்தானுக்கு அக்காவைக் கட்டிக்கொடுத்தார்கள். மகள் கவிதா பிறந்தாள். அவள் பள்ளிக்குப் போகத் தொடங்கிய சமயத்தில்தான் அந்த வலி வந்தது.

முதலில் பிடரியில் ஆரம்பித்தது. அங்கிருந்து இரண்டு தோளிலும் இறங்கிக் கை வரைக்கும் வரும். இருமினால், தும்மினால், குனிந்து குடத்தைத் தூக்கினால் பளீரென்று ஏறும். எல்லாவற்றையும்விட மோசம், சிரித்தால் வலிக்கும். சிரிக்காமல் ஒரு மணி நேரம் இருக்கத் தெரியாதவருக்கு இப்படி ஒரு நோய். சிரிப்பு வந்தால் இரண்டு கையாலும் பிடரியை இறுகப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, சத்தமே வராமல் குலுங்குவார். பார்க்கிறவர்களுக்கு அழுகிறாரா சிரிக்கிறாரா என்று புரியாது.

வாயு என்றார்கள். மிஷின் மிதிக்கிறதால் வரும் அசதி என்றார்கள். தைலம், ஒத்தடம், மந்திரித்த கயிறு எல்லாம் ஆயிற்று. "வேலைக்குப் போவ சோம்பேறித்தனம்" என்று சொன்னவர்களும் உண்டு.

ஒரு நாள் பட்டறையில் அக்கா தைத்த துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே பேசிக்கொண்டிருந்தார். பக்கத்து மிஷினில் இருந்த பெண் திடீரென்று அலறினாள். அக்காவின் இடது கைவிரல்கள் இஸ்திரிப் பெட்டியின் அடித்தகட்டில் ஒட்டிக்கொண்டிருந்தன. தோல் கருகிய வாடை வந்த பிறகும் அக்கா பேச்சை நிறுத்தவில்லை. அவருக்குச் சுடவே இல்லை.

அந்தக் கையோடு போன பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். முதுகுத் தண்டுவடத்துக்கு உள்ளேயே நீர் தேங்கிக் குழாய் போல ஒரு பள்ளம் உண்டாகி, அது நரம்புகளை உள்ளிருந்து நெருக்குகிறது என்று டாக்டர் படம் வரைந்து காட்டினார். தொட்டால் தெரியும், சூடும் குளிரும் தெரியாது. சுடுவதற்கு வலிக்காத அதே கை சும்மா இருக்கும்போது எரியும். "இது என்ன நியாயம் டாக்டர்?" என்று அக்கா அவரையே கேட்டார்.

பிடரியில் அறுவை சிகிச்சை செய்தார்கள். நோய் மேலும் வளராமல் இருக்கத்தான் அது, வந்த வலி முழுக்கப் போகும் என்று சொல்ல முடியாது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். நாங்கள் அதைக் காதில் வாங்கவில்லை. தையல் பிரித்ததும் பழைய அக்கா எழுந்து வருவார் என்று காத்திருந்தோம். சிரித்தால் வரும் வலி கொஞ்சம் குறைந்தது. தோளிலும் கையிலும் இருந்த எரிச்சல் போகவில்லை. காலும் விறைத்துக்கொண்டது. அந்த வருடம் முழுக்க அக்கா யாரையும் நடித்துக் காட்டவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து தலை வாரிவிட்டுக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், "ஏட்டி, எனக்குச் சாகப் பயம் இல்ல. இப்படியே இருந்துருவேனோன்னுதான் பயமா இருக்கு" என்றார். அக்கா பயந்து நான் கேட்டது அது ஒரு தடவைதான்.

வலிக்கென்றே தனியாக ஒரு பிரிவு அதே ஆஸ்பத்திரியில் இருந்தது. அங்கே இருந்த டாக்டர் ஒரு மராத்திப் பெண்மணி. முதல் நாள் அவர், "வலி பத்துக்கு எவ்வளவு?" என்று கேட்டார். அக்கா யோசித்துவிட்டு இந்தியில் சொன்னது இது: "காலையில அஞ்சு, மத்தியானம் ஏழு, எங்க வீட்டுக்காரர் பாடினா ஒம்பது." டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அத்தான் வெளியே வந்து, "பத்துன்னு சொல்லலியே, அதுவரைக்கும் சந்தோசம்" என்றார்.

அந்த டாக்டரம்மா மாத்திரையோடு ஒரு வழியையும் கொடுத்தார். வலி போன பிறகு வாழலாம் என்று காத்திருக்காதே, வலி ஏறுகிற வரை வேலை செய்யாதே, ஏறுவதற்கு முன்பே நிறுத்து என்றார். நல்ல நாளிலும் அளவோடுதான் செய்ய வேண்டும். கேட்பதற்குச் சுலபம், அக்காவுக்கு அதுதான் பெரிய தண்டனை. ஒரு நல்ல நாளில் வீட்டுத் திரைச்சீலைகளையெல்லாம் துவைத்துப் போட்டுவிட்டு அந்த வாரம் முழுக்கப் படுத்துக்கிடந்தார். அதன் பிறகு மெல்லக் கற்றுக்கொண்டார். கொஞ்சம் தைப்பார், எழுந்து சுவரோரம் நடப்பார், கழுத்துக்குச் சுருட்டிய துண்டை வைத்துப் படுப்பார், மறுபடி தைப்பார். தும்மல் வருகிற மாதிரி இருந்தால் சந்தே கேட்கும்படி, "எல்லாரும் ஒதுங்குங்க, வருது!" என்று அறிவித்துவிட்டுப் பிடரியைப் பிடித்துக்கொள்வார்.

சூடு தெரியாத கையோடு அடுப்புப் பக்கம் போகக் கூடாது என்று ஆகிவிட்டது. அதுவரை தண்ணீர்கூடத் தானாக எடுத்துக் குடிக்காத அத்தான் கரண்டியைக் கையில் எடுத்தார். முதல் நாள் வைத்த ரசத்தைக் கவிதா குடித்துவிட்டு, "அப்பா, இது கஷாயமா?" என்று கேட்டாள். அக்கா நாற்காலியில் இருந்தபடியே, "புளி எவ்வளவு போட்டீங்க?" என்று கேட்டார். "கரைச்ச அளவு" என்றார் அத்தான். "எவ்வளவு கரைச்சீங்க?" "இருந்த அளவு." இந்தப் பேச்சை வைத்தே அக்கா மறுபடி நடித்துக்காட்ட ஆரம்பித்தார். அத்தான் கரண்டியோடு நிற்கிற மாதிரி, புகையில் கண்ணைக் கசக்குகிற மாதிரி. எங்களுக்கு உயிர் வந்தது. அத்தானின் ரசமும் நாளாவட்டத்தில் ரசமாகவே ஆகிவிட்டது. இப்போது எங்கள் குடும்பத்தில் அவரை மிஞ்ச ஆள் இல்லை.

ஆஸ்பத்திரிக்குப் போக அக்கா லோக்கல் ரயிலில் சயானில் ஏறிப் பரேலில் இறங்குவார். நெரிசலில் இடித்தால் தாங்காது என்பதால் மாற்றுத்திறனாளிகளுக்கான பெட்டியில், எல்லாரும் ஹேண்டிகேப் டப்பா என்பார்கள், அதில் போக அட்டை வாங்கிக் கொடுத்தோம். முதல் தடவை அதில் ஏறிய அன்று நானும் கூட இருந்தேன். கக்கத்துக் கட்டையோடு உட்கார்ந்திருந்த ஒருவர் அக்காவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பாயி, ஆப் தோ டீக் டாக் ஹோ. உதரோ" என்றார். நீங்கள் நன்றாகத்தானே இருக்கிறீர்கள், இறங்குங்கள் என்று அர்த்தம். நான் அட்டையை எடுக்கப் போனேன். அக்கா என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, இந்தியில் நிதானமாக, அண்ணே என்று கூப்பிட்டுச் சொன்னார்: "பாவு, உங்க கட்டை வெளியில இருக்கு. எனக்கு உள்ள இருக்கு." அந்தச் சமயம் வண்டி வெட்டி நின்றது. அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. பிடரியைப் பிடித்துக்கொண்டு அப்படியே கம்பியில் சாய்ந்தார். அதைப் பார்த்த அந்த மனிதர் கட்டையை ஊன்றி எழுந்து தன் இடத்தைக் கொடுத்தார்.

அவர்தான் இங்கே எல்லாருக்கும் தெரிந்த மோரே பாவு. அன்றிலிருந்து அந்த டப்பாவில் அக்காவின் கழுத்து இடிபடாமல் காவல் காத்தவர் அவர். "பேரு மோரே, மோரு மட்டும் பிடிக்காதாம்" என்று அக்கா சொல்லிச் சொல்லி, மோரு என்றால் தமிழில் என்ன அர்த்தம் என்று அவருக்கே தெரிந்துவிட்டது.

கவிதாவுக்கு மாட்டுங்கா மண்டபம் ஒன்றில் கல்யாணம் வைத்தோம். அப்போது அக்காவின் கால் மிகவும் தளர்ந்திருந்தது, கொஞ்ச நேரத்துக்கு மேல் நிமிர்ந்து உட்காரவும் முடியாது. "தாலி கட்டும்போது நான் நிக்கணும். மத்ததெல்லாம் எனக்கு வேண்டாம்" என்று டாக்டரம்மாவிடம் சொன்னார். இரண்டு மாதம் அதற்காகவே பயிற்சி செய்தார். சுவரைப் பிடித்து நிற்பார், பிறகு படுப்பார். நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார்.

கல்யாணத்தன்று காலையிலேயே வலி ஏறிவிட்டது. அத்தானுக்கு முகம் தொங்கிவிட்டது. "நாற்காலியில உக்காந்தே பாரேன், யாரு என்ன சொல்லப் போறா?" என்றார். அக்கா, "நான் சொல்லுவேன்லா" என்றார். மேளம் உரத்ததும் ஒரு பக்கம் அத்தான், ஒரு பக்கம் நான். அக்கா எழுந்து நின்றார். அவர் பாரம் முழுக்க என் தோளில் இறங்கியது எனக்குத்தான் தெரியும். முடிச்சு விழுந்து, அட்சதை போட்டு, கவிதா திரும்பித் தாயைப் பார்க்கும் வரை நின்றார். அவள் பார்த்ததும் சிரித்தார். அதன் பிறகு காதோடு, "ஏட்டி, போதும்" என்றார்.

மணமகள் அறையில் பாய் விரித்துப் படுக்க வைத்தோம். சொந்தத்தில் ஒரு பெரியம்மா, "நல்ல நாள் அதுவுமா பெத்தவ படுத்துக் கெடக்கலாமா?" என்று முணுமுணுத்தார். அக்கா படுத்தபடியே, "பெரியம்மா, மேடையில உக்காந்து எல்லாரையும் மொறைக்கதுக்கு, இங்க படுத்துக்கிட்டுச் சிரிக்கது நல்லதுல்லா? நீங்களும் வந்து படுங்க, முட்டுவலிதானே ஒங்களுக்கு?" என்றார். பெரியம்மா சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு நிஜமாகவே வந்து பக்கத்தில் காலை நீட்டினார். கொஞ்ச நேரத்தில் அந்த அறைதான் கல்யாண வீடாகிவிட்டது. மேடையில் மொய் எழுதிவிட்டு வந்தவர்கள் எல்லாம் அறை வாசலில் வரிசையில் நின்றார்கள். டப்பா நண்பர்கள் கட்டையோடும் சக்கர நாற்காலியோடும் வந்து பாயைச் சுற்றி உட்கார்ந்தார்கள். சம்பந்தியம்மா நடந்து வந்த தோரணையை அக்கா படுத்துக்கொண்டே, ஒரு கையால் மட்டும் நடித்துக் காட்டினார். சம்பந்தியம்மாதான் அதிகம் சிரித்தவர். கடைசியில் மாப்பிள்ளையும் பெண்ணும் மாலையோடு அங்கேயே வந்து படம் எடுத்துக்கொண்டார்கள். இந்த மலரின் அட்டையில் இருப்பது அந்தப் படம்தான்.

இந்த மழைக்காலத்தின் கடைசியில் அக்காவுக்குக் காய்ச்சல் வந்து சளி நெஞ்சில் கட்டிவிட்டது. இருமி வெளியேற்ற உடம்பில் தெம்பு இல்லை. ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் வலிக்கு நல்ல மருந்து கொடுத்தார்கள், அதனால் அக்கா சிரமப்படவில்லை. கவிதாவின் குழந்தையைக் கட்டிலில் உட்கார வைத்துக் கொஞ்சினார். மறுநாள் விடிந்த பிறகு, அத்தான் டீ வாங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது அமைதியாகப் போய்விட்டார்.

அக்காவுக்கு வழி காட்டிய டாக்டரம்மாவுக்கும், கை கால்களுக்குப் பயிற்சி கொடுத்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அக்கா நினைத்தபோது எழுந்து, நினைத்தபோது படுக்க இடம் கொடுத்துக் கடைசி வரை வேலை தந்த பட்டறைக்காரருக்கு நன்றி. அக்காவைக் கடைசியாக எடுத்துச் சென்ற அன்று எங்கள் சந்தில் ஒரு தண்ணீர் டிரம்மோ ஒரு சைக்கிளோ வழியில் இல்லை. யாரும் சொல்லாமலே எல்லாவற்றையும் உள்ளே இழுத்துப் போட்டுவிட்டு, உடம்பு எங்கும் இடித்துவிடாமல் கைமாற்றிக் கைமாற்றித் தூக்கி வந்தீர்கள். அந்தப் பக்குவத்தை நாங்கள் மறக்க மாட்டோம். மோரே பாவுவுக்கும் டப்பா நண்பர்களுக்கும் நன்றி என்று சொன்னால் கோபித்துக்கொள்வார்கள், ஆகவே சொல்லவில்லை.

ஒன்று மட்டும் சொல்லி முடிக்கிறேன். தாராவிக்குப் பூமிக்கு அடியில் ஓடும் மெட்ரோ வந்த பிறகு, அக்கா அதில் போக வேண்டும் என்று ஆசைப்பட்டார். ஆட்டோ, டாக்சி எதில் போனாலும் ஒவ்வொரு பள்ளமும் அவர் பிடரியில்தான் விழும். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அத்தானும் சக்கர நாற்காலியில் வைத்துக் கூட்டிப்போய், லிஃப்டில் இறக்கி, வண்டியில் ஏற்றினோம். அது கிளம்பியதே தெரியவில்லை. அக்கா கழுத்தைப் பிடிக்கத் தூக்கிய கையை மெல்ல இறக்கினார். "ஏட்டி, பள்ளம் இல்லாத ரோடு பாம்பேயில பூமிக்கு அடியிலதான் இருந்திருக்கு" என்றார். கடற்கரைப் பக்கம் போய்க் காற்று வாங்கிவிட்டுத் திரும்பினோம்.

திரும்பும்போது அக்காவை இருக்கையில் உட்கார வைத்திருந்தோம். பேச்சு நின்றதும் பார்த்தேன். அத்தானின் தோளில் தலை சாய்ந்திருந்தது, வாய் லேசாகத் திறந்திருந்தது. நோய் வந்த நாளிலிருந்து ஓடும் வண்டியில் அக்கா தூங்கி நாங்கள் பார்த்ததே இல்லை. தாராவி வந்தது. கதவு திறந்தது. நான் எழுப்பப் போனேன்.

"எழுப்பாத சுமதி" என்றார் அத்தான், தோளை அசைக்காமல். "கடைசி ஸ்டேஷன் வரைக்கும் போயிட்டு வருவோம்."

கதவு மூடியது. நாங்கள் போய்க்கொண்டே இருந்தோம்.

அன்புத் தங்கை
சுமதி, செம்பூர்