அந்தோணியார் குடிவந்த வீடு

வீட்டை வாடகைக்கு விட்டால் உட்கார்ந்து சாப்பிடலாம் என்று சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வரும். எங்கள் அம்மா அப்படி ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. எழுபதுகளில் தூத்துக்குடியில், கடற்கரைக்குப் பக்கத்துத் தெருவில், எங்கள் வீட்டை ஒட்டினாற்போல இன்னொரு சின்ன வீடும் எங்களுக்கு இருந்தது. ஒரு அறை, சமைக்க ஒரு குசினி, அவ்வளவுதான். அதற்கு அம்மா பட்ட பாடு ஒரு பங்களாவுக்குக் காணும். மழை பெய்தால் ஓடு ஒழுகுகிறது என்பார்கள். வெயில் அடித்தால் கிணறு கரிக்கிறது என்பார்கள், உப்பை அம்மாதான் அள்ளிக் கொட்டியதுபோல. சாக்கடை அடைத்தால் அம்மாதான் கம்போடு போய் நிற்க வேண்டும். அப்பாவுக்குக் கப்பலில் வேலை. வருடத்துக்கு ஒரு தடவை வந்து, இரண்டு வீட்டையும் சுற்றிப் பார்த்து, "நல்லாத்தான இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

அந்த வீட்டில் மாமியோடு குடியிருந்தவரைத் தண்டல் மாமா என்போம். கொழும்புக்குச் சரக்கேற்றிப் போகும் தோணிக்குத் தண்டலாக, அதாவது தலைவராக இருந்து ஓய்ந்தவர். தோணியில் அவர் வைத்ததுதான் சட்டம். கரையேறியும் அந்தப் பழக்கம் போகவில்லை. கறுத்த சுருட்டு ஒன்று எப்போதும் வாயில் புகையும். வாடகையில் மட்டும் குறை வைக்க மாட்டார், அதையும் சொல்ல வேண்டும்.

அந்த வருடம் கிறிஸ்துமஸ் கழிந்ததும் அம்மா அவரிடம் வீட்டைக் காலி செய்து தரச் சொன்னாள். எதற்கு என்று அவர் கேட்டதற்கு, "எனக்கு வேணும்" என்றாள். நான் கேட்டபோதும் அதே பதில்தான். மாமா சரி சரி என்று தலையாட்டிக்கொண்டே தவக்காலத்தைத் தாண்டினார், ஈஸ்டரையும் தாண்டினார். வக்கீலிடம் போனால், கேஸ் போடலாம், பேரப்பிள்ளை காலத்தில் தீர்ப்பு வரும் என்று சிரித்தாராம். ஒருநாள் மத்தியானம் அம்மா குசினியில் தனியாக நின்று அழுவதைப் பார்த்தேன். போயும் போயும் ஒரு வாடகை வீட்டுக்காகவா இந்த அழுகை என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பார்த்தால், அந்த வீட்டு வாசலுக்குப் பக்கத்தில் சிமெண்டில் ஒரு கெபி முளைத்திருந்தது. கெபி என்றால் புனிதரின் சுரூபத்தை, அதாவது சிலையை, வைக்கிற மாடம். உள்ளே குழந்தை யேசுவை ஏந்தி அந்தோணியார் நிற்கிறார். வெளியே சுருட்டை ஏந்தித் தண்டல் மாமா நிற்கிறார். எங்கள் ஊரில் ஒரு வீட்டுக்கு இதைவிடப் பெரிய பூட்டு கிடையாது. கெபியை இடிக்க யார் வருவான்? பங்குச் சாமியாரே கையை வைக்க மாட்டார்.

"தங்கச்சி, என்னக் காலி பண்ணச் சொல்லலாம். அந்தோணியாரக் காலி பண்ணச் சொல்லுவியளோ?" என்றார் மாமா.

அம்மா கெபியைப் பார்த்தாள். பிறகு முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு, அங்கேயே முழங்காலிட்டுச் சிலுவை போட்டாள். போச்சு, தோற்றுவிட்டாள் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. எழுந்தவள், "நல்ல காரியம் செஞ்சிய அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு நேராகத் தெருவில் இறங்கினாள். வீடு வீடாகப் போய், "எங்க வளவுக்கு அந்தோணியார் வந்திருக்காரு. இனிமே செவ்வாக்கிழமைதோறும் செபம், எல்லாரும் வந்திருங்க" என்றாள்.

வந்தார்கள். அந்தோணியார் தொலைந்ததைத் தேடித் தருகிறவர் அல்லவா? எங்கள் தெருவில் தொலையாதது எது? கம்மலைத் தொலைத்தவள், கோழியைத் தொலைத்தவள், கொழும்புக்குப் போன புருஷனைத் தொலைத்தவள் எல்லாரும் வந்தார்கள். பென்சில் டப்பாவைத் தொலைத்த நானும் முன்வரிசையில் போய் முழங்காலிட்டேன். செபமாலை முடிந்தால் பாட்டு, பாட்டு முடிந்தால் நேர்ச்சை ரொட்டி. தண்ணீர் குடிக்க மாமாவின் குசினி வரைக்கும் போனார்கள். கைப்பிள்ளைகளை மாமாவின் கட்டிலில் உறங்கப் போட்டார்கள். செவ்வாயோடும் நிற்கவில்லை. தொலைப்பதற்கு நாள் கிழமை உண்டா என்ன?

அம்மா தன் பங்குக்குச் சட்டம் போட்டாள். "அண்ணாச்சி, சாமி நிக்க இடத்துல சுருட்டு ஆகாதுல்லா?" மாமா சுருட்டை அணைத்தார். "மைனி, அந்தோணியாரு மூக்குக்கு நேரா கருவாட்டக் காயப் போடுதியளே, நல்லாவா இருக்கு?" மாமி கருவாட்டை அள்ளினாள். கடைசியாக, கெபிக்கு அசனம் வைக்கப் போவதாகச் சொல்லி, தெருவுக்கே சோறு பொங்குவதற்கான அடுப்பை மாமாவின் வாசலில் வெட்டவைத்தாள். ஊரே சாப்பிட்டுக் கைகழுவிய தண்ணீர் அவர் அறைக்குள் ஓடியது. மறுவாரம் சாமான் ஏற்ற மாட்டுவண்டி வந்தது.

"நான் கூட்டியாந்த அந்தோணியாரே என்ன வெளிய தள்ளிட்டாருல்லா" என்று சாவியை அம்மாவிடம் நீட்டினார் தண்டல் மாமா. படி இறங்கும் முன்பே சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டார். பாவம், எத்தனை நாள் ஏக்கமோ!

அம்மா அன்றைக்கே சுண்ணாம்பு அடித்தாள். ஆசாரியைக் கூப்பிட்டுக் கதவுக்கு உள்பக்கம் கனமான தாழ்ப்பாள் ஒன்று போடவைத்தாள். இரண்டொரு நாளில், சாத்தான்குளத்தில் கட்டிக்கொடுத்திருந்த அக்கா ஒரு தகரப் பெட்டியோடு பஸ்ஸில் வந்து இறங்கினாள். இடது கையில் கட்டுப் போட்டிருந்தது. கிணற்றடியில் வழுக்கிவிட்டது என்றாள். அக்கா லீவுக்கு வந்திருக்கிறாள் என்று நான் குதியாய்க் குதித்தேன்.

அம்மா சாவியை அவள் கையில் வைத்து விரல்களை மூடினாள். "இது உன் வீடு. உள்ளருந்து தாப்பாளப் போட்டுக்கோ. நீ தொறந்தாத்தான் எவனும் உள்ள வரணும்" என்றாள்.

அடுத்த செவ்வாய் செபம் முடிந்ததும் முக்கு வீட்டுக்காரி மெதுவாக ஆரம்பித்தாள். "மக வந்து நாளாச்சே, மருமவன் எப்ப கூட்டிட்டுப் போக வாராராம்?" பாட்டுப் புத்தகத்தை மூடிக்கொண்டிருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அம்மா தரையில் சிந்திய மெழுகைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தாள். "ஏளா, தொலஞ்சதத் தேடத்தான இங்கன வார? எங்க வீட்டுல ஒண்ணும் தொலஞ்சு போவல" என்றாள்.

தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. அக்கா கதவைத் திறந்து வெளியே வந்து, எல்லார் முன்னாலும் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கட்டில்லாத கையால் மெழுகைச் சுரண்ட ஆரம்பித்தாள்.

எனக்கு மட்டும் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. என் பென்சில் டப்பா இன்னும் கிடைத்தபாடில்லை. அந்தோணியார் முகத்துக்கு நேராகவே அம்மா இப்படிக் கூசாமல் பொய் சொல்கிறாளே!