மூக்கோடு மூக்கு இரண்டு காகக்கால்

திங்கட்கிழமை காலை வேலைக்குப் போனபோது பட்டறை வாசல் பலகையில் ஓர் அறிவித்தல் ஒட்டியிருந்தது.

“காகக்கால் முத்திரையுள்ள ஆயுதங்கள் யாவும் அரச உடைமை. ஊழியர்கள் தம்மிடமுள்ளவற்றை வெள்ளிக்கிழமைக்குள் ஒப்படைக்க வேண்டும். தவறுவோர் திருடராகக் கருதப்பட்டு வேலையிலிருந்து நீக்கப்படுவர்.”

கீழே பட்டறை மேலதிகாரியான எங்கள் சுப்பிரிண்டனின் கையெழுத்து, அவர் மீசையை விட நீளமாக இருந்தது.

ஆயுதம் என்றதும் பயந்துவிடாதீர்கள். தச்சனுக்கு உளியும் பலகை இழைக்கும் சீவுளியும்தான் ஆயுதம். திருகோணமலைத் துறைமுகத்தில் படகு திருத்தும் பட்டறையில் நான் தச்சனாக இருந்தேன். காகக்கால் என்பது, ஈர மணலில் காகம் மிதித்தது போல, ஒரு முனையில் சேரும் மூன்று கோடுகள். வெள்ளைக்காரக் கடற்படை தன் சாமான் எல்லாவற்றிலும் அதைக் குத்தி வைத்தது. அவர்கள் தளத்தை விட்டுப் போனபோது வேண்டாததை ஏலத்தில் விற்றார்கள். பிறகு ஊரில் பாதிக் குசினிகளில் காகக்கால் போட்ட அகப்பையால்தான் சோறு போட்டார்கள். அவர்கள் எல்லோரும் திருடர் என்றால், நீதவானும் அன்று திருட்டு அகப்பையில்தான் சாப்பிட்டிருப்பார்.

1. சீவுளி வந்த கதை

எங்கள் பட்டறையில் கைச்சாமான் அவரவருடையது. அரசாங்கம் தந்தது வைஸும் கிரைண்டரும் திட்டும்தான். வெளிநாட்டுச் சாமான் வராத காலம் அது. கடையில் கிடைத்த புதுச் சீவுளி பலகையைச் சீவவில்லை, பிறாண்டியது. நல்ல சீவுளி இல்லாத தச்சன் பலகை தூக்கப் போக வேண்டியதுதான்.

நான் படகேறிக் கிண்ணியாவுக்குப் போய், பழைய இரும்பு விற்கும் உவைஸ் காக்காவிடம் ஓர் இங்கிலாந்துச் சீவுளி வாங்கினேன். துருப்பிடித்து உடும்புத் தோல் மாதிரி இருந்தது. மூன்று நாள் மண்ணெண்ணெயில் ஊற வைத்தேன். தேங்காய்த் தும்பால் தேய்த்தேன். எஞ்சின் வால்வுக்குப் போடும் பேஸ்டைக் கண்ணாடியில் தடவி, அதன் அடியை மட்டமாக்கினேன். அலகைக் கிரைண்டரில் பிடிக்கவில்லை. சூடேறி நீலம் பாய்ந்தால் அது அலகு இல்லை, தகரம். எண்ணெய்க் கல்லில்தான் தீட்டினேன். உடைந்த கைபிடிக்கு முதிரை மரத்தில் புதிது செதுக்கினேன்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் நான் எப்படி? பக்கவாட்டில் முகம் பார்க்க வேண்டும் என்று ஆசை வந்தது. அங்கே ஒரு காகக்கால் ஆழமாக இருந்தது. அதற்கு முன்னால் ஏதோ மங்கலாகக் கிடந்தது. துரு அரித்த குழி என்று நினைத்து எமரித் தாளால் தேய்த்துத் தள்ளினேன். பிறகு அதில் பார்த்துத் தலை வாரினேன். அந்தக் குழியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

2. சேகரிப்பாளர்

எங்கள் சுப்பிரிண்டனுக்குப் பழைய ஆயுதம் சேர்க்கும் வியாதி இருந்தது. தன் கந்தோர் அறையில் ஒரு கண்ணாடி அலுமாரி வைத்து, சிவப்புத் துணி விரித்து, உளிகளை அடுக்கியிருந்தார். சீவுளியில் எந்தப் பக்கம் சீவும் என்று மட்டும் அவருக்குத் தெரியாது. உளிகளில் ‘காஸ்ட் ஸ்டீல்’ என்று குத்தியிருக்கும். வார்ப்பு உருக்கு என்று அர்த்தம். அவருக்கு அது ஒரு கம்பனி.

“உலகத்திலேயே காஸ்ட் ஸ்டீல்காரன் செய்த உளிதான் திறம். அவன்ர சாமான் எத்தினை சேர்த்திட்டன் பார்,” என்று வந்தவர்களுக்கெல்லாம் காட்டுவார். காஸ்ட் ஸ்டீல் துரையின் பேரன்கூட அவ்வளவு பெருமைப்பட்டிருக்க மாட்டான்.

அவர் பழுது பார்க்கும் முறை இன்னும் திறம். கோயில் வாகனத்துக்கு அடிக்கும் வெள்ளிப் பெயின்டை எடுத்து, துருவின் மேலேயே பூசுவார். அலகு, திருகாணி, கைபிடி எல்லாம் ஒரே வெள்ளி. காய்ந்த பிறகு எந்தத் திருகாணியும் அசையாது. அந்த அலுமாரியில் இன்னும் இரண்டு தட்டு வெறுமையாக இருந்தது. அறிவித்தல் ஏன் வந்தது என்று இப்போது விளங்கியிருக்கும்.

3. காக்காவும் காகமும்

அறிவித்தல் வந்த அன்றே சுப்பிரிண்டன் என்னைக் கூப்பிட்டார்.

“உன்ர சீவுளியில காகக்கால் இருக்காம்?”

“ஓம் சேர். அது காக்காவிட்ட வாங்கினது.”

“காக்காவின்ர கால் எண்டு எனக்கும் தெரியும். ஆரிட்ட வாங்கினனி?”

“காக்காவிட்டத்தான் சேர்.”

“என்னோட பகிடியோ?”

கிண்ணியாவில் அண்ணனைக் காக்கா என்பார்கள் என்று விளங்கப்படுத்தவே நெடுநேரம் போனது. விளங்கியதும், அந்தக் காக்காவிடமிருந்து வாங்கியதற்கு ரசீதுத் துண்டு கொண்டு வரச் சொன்னார்.

வெளியே வந்தால் கிரைண்டர் அலறிக்கொண்டிருந்தது. சல்லிக் கிராமத்திலிருந்து வேலைக்கு வரும் தச்சன் துரைராசா தன் உளிகளை வரிசையாகப் பிடித்துக் காகக்காலை அழித்துக்கொண்டிருந்தான். அவன் உளிகளில் முத்திரை இரண்டிரண்டாக இருந்ததை நான் அப்போதுதான் கவனித்தேன், ஒன்றின் முனையை மற்றதன் முனை தொட்டபடி.

“ஒண்டு இருந்தாலே கள்ளனாம். இதில ரெண்டு! என்னை மறியலுக்குள்ள போட்டிடுவாங்கள், அண்ணை,” என்றான்.

உளியெல்லாம் நீலம் பாய்ந்துவிட்டது. அடுத்த நாள் அவற்றால் தேங்காய்கூடத் துருவ முடியவில்லை.

வியாழக்கிழமை லீவு போட்டுக் கிண்ணியாவுக்குப் போனேன். கதையைக் கேட்டு உவைஸ் காக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஏலத்தில் சாமான் எடுத்தபோது கொடுத்த பழைய கடதாசியைப் பெட்டிக்குள் தேடிக் கொண்டுவந்தார். அதன் அடியில் இங்கிலிஷில் ஒரு வரி இருந்தது.

“வாசிங்க தம்பி. ஒத்தைக் கால் எண்டா அது ராசாட சாமான். ரெண்டு கால் மூக்கோட மூக்கு முட்டி நிண்டா, ராசா வித்திட்டார் எண்டு அர்த்தம். நான் எடுத்த சாமான் எல்லாத்திலயும் ரெண்டுதான்.”

பையிலிருந்து சீவுளியை எடுத்தேன். ஒற்றைக் கால்தான் நின்றது. மற்றதை நான் எமரித் தாளால் அழித்து, அதில் தலை வாரியிருந்தேன்.

துரைராசா இரண்டையும் அழித்தான், பயத்தில். நான் ஒன்றை அழித்தேன், ஆடம்பரத்தில். அவனை மடையன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வெள்ளிக்கிழமை கடதாசியோடு போனேன். சுப்பிரிண்டன் வாசித்தார், சீவுளியைப் பார்த்தார், சிரித்தார்.

“இதில ஒண்டுதானே இருக்கு! உன்ர கடதாசியே உன்னைக் கள்ளன் எண்டு சொல்லுது.”

சீவுளியைக் கொடுத்துவிட்டு வந்தேன். அழுகை வந்தது, அழுதேன். திங்கட்கிழமை அது வெள்ளிப் பெயின்டோடு அலுமாரியில் நின்றது. நான் எட்டு மாதம் இரவல் சீவுளியால் பிறாண்டினேன். நான் பொருத்திய பலகை மூட்டுகளில் வெளிச்சம் தெரிகிறது என்று அவரே வந்து திட்டினார்.

4. வாசல்

பிறகு அவருக்குக் கொழும்புக்கு மாற்றம் வந்தது. அலுமாரியைச் சாமான்களோடு லொறியில் ஏற்றினார். வாசலில் காவலாளி ஞானமுத்து லொறியை மறித்தார். ஞானமுத்துவுக்குப் பகிடி தெரியாது, சட்டம் தெரியும்.

“சேர், காகக்கால் உள்ளதை வெளியில விட ஏலாது. அறிவித்தல் இருக்கு.”

“அது நான் போட்ட அறிவித்தல்!”

“ஓம் சேர். அதுதான் விட ஏலாது.”

பெயின்டுக்கு அடியில் எதில் முத்திரை இருக்கிறது என்று பார்க்க என்னைக் கூப்பிட்டார்கள். பெயின்ட் கரைக்கும் தேர்ப்பந்தைன் நனைத்த சீலையோடு போனேன். முதலில் என் சீவுளியைத்தான் எடுத்தேன். ஒரு இழுப்பு இழுத்ததும் மேற்பூச்சு போய் இரும்பு தெரிந்தது. நான் தேய்த்துத் தேய்த்து அழித்தேன் என்று நினைத்த இடத்தில், கண்ணுக்குத் தெரியாமல் மிஞ்சிக் கிடந்த கோடுகளுக்குள் பெயின்ட் இறங்கி நின்றது. மூன்று மெல்லிய வெள்ளிக் கோடுகள். இரண்டாவது காகம், முதலாவதின் மூக்கை முட்டிக்கொண்டு நின்றது.

காக்காவின் கடதாசி அந்த எட்டு மாதமும் என் சட்டைப் பையில்தான் இருந்தது. ஞானமுத்து அதை இரண்டு தரம் வாசித்தார். சீவுளியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது வித்த சாமான். நீங்க கொண்டு போங்க, தச்சனார்.”

சுப்பிரிண்டன் என் பக்கம் திரும்பினார்.

“என்ர பெயின்ட் இல்லாட்டி உனக்கு இது கிடைச்சிருக்குமோ? நன்றி இருக்க வேணும்.”

நெஞ்சறிய அதில் உண்மை இருந்தது. அதனால்தான் எனக்கு அந்த மனிதனில் இன்றைக்கும் கோபம்.

பழைய ஆயுதம் கைக்கு வந்தால் நான் இப்போது முதலில் துருவைத் தொடுவதில்லை. பள்ளிக்கூடத்தில் எழுதும் சோக்கட்டியைப் படுக்க வைத்து உடம்பெல்லாம் பூசி, விரலால் துடைத்துப் பார்ப்பேன். என்ன குத்தியிருந்தாலும் வெள்ளையாக எழும்பி நிற்கும். அதை வாசித்த பிறகுதான் மண்ணெண்ணெய். மினுக்குவது கடைசி வேலை. மினுக்காமல் விட்டாலும் பலகை குறை சொல்லாது.

அவர் போன பிறகும் அந்த அறிவித்தல் பலகையிலேயே கிடந்தது. அடுத்த சுப்பிரிண்டன் வந்த அன்று அதை வாசித்துவிட்டு, அந்த நீளமான கையெழுத்தின் கீழே சோக்கட்டியால் யாரோ மூக்கோடு மூக்காகக் கீறியிருந்த இரண்டு காகக்கால்களைக் காட்டி, இது என்ன என்று கேட்டார்.

“வித்திட்டம் எண்டு அர்த்தம், சேர்,” என்றேன். சோக்கு வெள்ளை படிந்த கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டேன்.